நூலகத்துக்கு டிவியா, டேப்லெட்டா, ஹார்ட் டிஸ்க்கா?

போன மாதம் ஏற்காட்டுப் பக்கமிருந்து ஒரு தலைமை ஆசிரியை போன் செய்தார். நடுநிலைப் பள்ளி, நூறு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மேல். அங்கே படித்து இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் ஒருவர் பள்ளி நூலகத்துக்கென்று 60,000 ரூபாய் தருகிறாராம். ஒரே நிபந்தனை, "டிஜிட்டலா ஏதாவது பண்ணுங்க டீச்சர்" என்பதுதான். "சார், ஸ்மார்ட் டிவி வாங்கட்டுமா, டேப்லெட் வாங்கட்டுமா, இல்ல மொதல்ல நெட் கனெக்‌ஷன் போட்டுடட்டுமா?" என்று கேட்டார். அதே வாரம் அம்மாப்பேட்டையில் நூலகப் பொறுப்பு பார்க்கும் நண்பர் ஒருவர் வேறு மாதிரிப் புலம்பினார். அவர் பள்ளியில் டிவி இருக்கிறது, ஃபைபர் நெட் இருக்கிறது, ஆனால் நூலகப் பாடவேளையில் யாரும் அதைத் தொடுவதில்லை. டிவி மேல் போட்ட பூப்போட்ட துணியை எடுத்தே மூன்று மாதம் ஆகிறதாம்.

இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பேசித் தொண்டை காய்ந்துவிட்டது, அதனால் நூலகத்தில் வீடியோவும் டிஜிட்டல் புத்தகமும் காட்ட நான் பார்த்த நான்கு வழிகளையும் எழுதியே வைத்துவிடுகிறேன். நான் மலையில் நான்கு வருடம், கீழே சேலத்தில் ஆறு வருடம் நூலகப் பொறுப்பு பார்த்த அறிவியல் ஆசிரியர். படித்துப் பட்டம் வாங்கிய நூலகர் இல்லை. நம் பள்ளிகளில் பெரும்பாலும் இப்படித்தானே, பாடம் நடத்துகிற ஒருவர் தலையில் நூலகத்தையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அந்த ஒருவருக்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று பார்க்காமல் எந்தப் பெட்டியை வாங்கினாலும் கடைசியில் அது பூப்போட்ட துணிக்குள் போய்விடும்.

## எதை வைத்து அளப்பது

விலையை வைத்து ஆரம்பிக்காதீர்கள். நான் முதலில் கேட்கும் கேள்வி, பொறுப்பாசிரியர் லீவு போட்டால் அது ஓடுமா? லீவு என்றால் வெறும் லீவு இல்லை. பயிற்சி, தேர்தல் வேலை, விடைத்தாள் திருத்தம், கணக்கெடுப்பு என்று வருடத்தில் எத்தனை நாள் நாம் பள்ளியில் இல்லை என்பது நமக்குத்தான் தெரியும். அந்த நாட்களில் இன்னொரு ஆசிரியரோ எட்டாம் வகுப்புப் பிள்ளையோ அதை இயக்க முடியவில்லை என்றால், அது பள்ளியின் வசதி இல்லை, உங்கள் சொந்தப் பொழுதுபோக்கு.

அடுத்தது கரண்டும் நெட்டும். கீழே சேலத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்துவார்கள். மலையில் காற்றடித்து ஒரு சில்வர் ஓக் மரம் கம்பி மேல் சாய்ந்தால் யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மூன்றாவது, ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள்? நூலகப் பாடவேளை நாற்பது நிமிடம், அதில் வருகைப் பதிவும் சத்தமும் போக முப்பது. முப்பது பேருக்கு ஆறு கருவி என்றால் ஆளுக்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான்காவது, தமிழில் அந்த வயதுக்கு என்ன கிடைக்கிறது. ஐந்தாவது, இரண்டாம் வருடச் செலவு. நன்கொடை கொடுப்பவர் முதல் வருடத்துக்குத்தான் கொடுப்பார், இரண்டாம் வருட ரீசார்ஜுக்கு அவரிடம் போய் நிற்க முடியாது.

கடைசியாக ஒன்று. பார்த்து முடித்த பிள்ளை எழுந்து அலமாரிப் பக்கம் போகிறதா? வகுப்பறையில் பாடத்துக்கு வீடியோ போடுவது வேறு, நூலகத்தில் போடுவது வேறு. நூலகத்தில் அலமாரிப் பக்கம் திருப்பாத வீடியோ எனக்குத் தேவையில்லை. இதில் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

## 1. நெட்டில் நேரடியாகப் போட்டுக் காட்டுவது

டிவி, நெட் கனெக்‌ஷன், ரிமோட். பார்க்க இதைவிட எளிது எதுவும் இல்லை. உள்ளடக்கத்துக்கும் பஞ்சமில்லை. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலேயே இருக்கின்றன. நம் பாடநூல்களில் அச்சிட்டிருக்கும் கியூஆர் குறியீடுகளை அரசின் தீக்‌ஷா செயலியில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வந்துவிடும்.

இதன் உண்மையான பலம் என்ன என்று எனக்குப் புரிந்தது ஒரு ஏழாம் வகுப்புப் பையனால். பள்ளி வாசல் புளியமரத்தில் வௌவால்கள் தொங்கும். "சார், தூங்கும்போது கால் விட்டுப் போயிடாதா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அங்கேயே தேடி மூன்று நிமிட வீடியோ ஒன்று போட்டோம். வௌவாலின் உடல் எடையே தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நார்) இழுத்து விரல்களைப் பூட்டிக்கொள்கிறது, பிடித்துக்கொள்ள அது தனியாகச் சிரமப்படுவதில்லை, விடுவதற்குத்தான் முயற்சி வேண்டும். அந்த நிமிடத்தில் எழுந்த கேள்விக்கு அந்த நிமிடத்திலேயே பதில். இதை வேறு எந்த வழியும் தராது.

ஆனால் மறைந்திருக்கும் செலவைப் பார்ப்போம். 720பி தரத்தில் ஒரு மணி நேர வீடியோ ஏறத்தாழ ஒரு ஜிபியிலிருந்து ஒன்றரை ஜிபி வரை தின்னும். ஃபைபர் இருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை. ஆசிரியரின் சொந்த செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினால் இரண்டு வகுப்பிலேயே அன்றைய டேட்டா காலி, சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் எதையும் பார்க்க முடியாது. பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது இதுதான், யாரும் கணக்கில் எழுதுவதில்லை. தரத்தை 480பிக்கு இறக்கினால் பாதிக்குமேல் மிச்சமாகும். பத்தடி தள்ளி உட்கார்ந்த பிள்ளைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

மலையில் நான் இதை முயன்ற முதல் நாள் மறக்காது. கோள்கள் பற்றிய வீடியோ. வியாழன் கிரகம் வருகிற நேரத்தில் நின்றுவிட்டது, நடுவில் அந்த வட்டம் மட்டும் சுற்றுகிறது. பிள்ளைகள் அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கோரஸாக எண்ண ஆரம்பித்தார்கள். எண்பதைத் தாண்டியபோது நானே அணைத்துவிட்டேன். அடுத்த வாரம் ஒருவன் நூலகத்துக்குள் நுழைந்ததும், "சார், இன்னைக்கு அந்த வட்டம் உண்டா?" என்றான்.

இன்னொன்று, தேடுகிற நேரம். வீட்டிலேயே பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் வந்து வகுப்பில் தேடினால் பத்து நிமிடம் போய்விடும். முதலில் விளம்பரம், அதுவும் பிள்ளைகள் முன்னால் என்ன விளம்பரம் வரும் என்பது நம் கையில் இல்லை. முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓட ஆரம்பிக்கும். தானாக ஓடுவதை அமைப்பில் நிறுத்தி வையுங்கள், யூடியூபில் கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறை என்ற ஒன்றும் இருக்கிறது, அதையும் போடுங்கள். இரண்டும் முழுப் பாதுகாப்பு இல்லை, வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி, அவ்வளவுதான்.

நிலையான ஃபைபர் உள்ள பள்ளிக்கும், முந்தின நாள் இரவு பதினைந்து நிமிடம் ஒதுக்க முடிகிற ஆசிரியருக்கும் இது சரி. செல்போன் சிக்னலுக்காக ஜன்னல் ஓரம் போய் நிற்கிற ஊர்களுக்கு வேண்டாம்.

## 2. முன்பே சேர்த்து வைத்து, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிவியில்

மலையில் கடைசியில் நான் வந்து சேர்ந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் ஒருபக்கமாகவே பேசுவேன். யுஎஸ்பி துளை உள்ள ஏதாவது ஒரு டிவி, ஒரு ஹார்ட் டிஸ்க் அல்லது பெரிய பென்டிரைவ். நெட் வேண்டாம். கரண்ட் இருந்தால் போதும், இன்வெர்ட்டர் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை. ப்ரொஜெக்டரைவிட டிவியே மேல் என்பேன். சேலம் வெயிலில் ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கினால் பிள்ளைகள் வெந்துபோவார்கள், திறந்து வைத்தால் திரையில் எதுவும் தெரியாது.

சூட்சுமம் கோப்புக்குப் பெயர் வைப்பதில். முதலில் நான் பாடம் பாடமாக ஃபோல்டர் போட்டேன். யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம் ஒரு நாள், நூலகத்தில் ஏற்கெனவே ஒரு முறை இருக்கும்போது நாம் ஏன் புதிதாக ஒன்று கண்டுபிடிக்க வேண்டும் என்று தோன்றி, அலமாரியில் ஒட்டியிருக்கிற அதே டூயி எண்ணை, அதாவது புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்க நூலகங்கள் வைக்கும் எண்ணை, கோப்புக்கும் வைத்தேன். பறவை என்றால் 598, பூச்சி என்றால் 595.7, கோள்கள் 523.4, தமிழ் இலக்கியம் 894.811. எண் முதலில், அப்புறம் பெயர், அப்புறம் எத்தனை நிமிடம். எண் முதலில் வருவதில் எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. சில டிவிகள் தமிழ்க் கோப்புப் பெயரைக் கட்டம் கட்டமாகத்தான் காட்டும், எண் மட்டும் தெளிவாகத் தெரியும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ரிமோட்டில் 598 பார்த்துவிட்டு அலமாரியில் 598 எங்கே என்று தேட ஆரம்பித்தபோதுதான், பத்து வருடமாக யாரும் கண்டுகொள்ளாத அந்த முதுகுச் சீட்டுக்கு ஒரு அர்த்தம் வந்தது.

ஒருமுறை தேனீ பற்றி ஆறு நிமிட வீடியோ போட்டேன். முடிந்ததும் பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "சார், இது பெட்டியில வளர்க்கிற தேனீ. எங்க ஊர்ல பாறையில கட்டுறது வேற, அது ஒத்த அடைதான் கட்டும், பெருசா தொங்கும்" என்றான். மலைத்தேனீ ஒற்றை அடைதான் கட்டும், பொந்திலும் பெட்டியிலும் இருக்கிற அடுக்குத் தேனீதான் பல அடை கட்டும். வீடியோவில் இந்த வித்தியாசமே வரவில்லை, அவன் அப்பாவோடு தேன் எடுக்கப் போனவன். அன்று ஐந்து பேர் தேனீ புத்தகம் கேட்டார்கள். அலமாரியில் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஆங்கிலத்தில்.

இதுதான் யாரும் சொல்லாத செலவு. நல்ல வீடியோ ஒன்று ஓடினால் புத்தகத்துக்கு வரிசை நிற்கும், அந்தப் புத்தகம் உங்களிடம் இருக்காது. வீடியோவுக்கென்று வருகிற எந்தப் பணத்திலும் மூன்றில் ஒரு பங்கைப் புத்தகத்துக்கு ஒதுக்கி வையுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். எந்தத் தலைப்புக்கு வீடியோ சேர்க்கிறீர்களோ அதே தலைப்புக்கு இரண்டு புத்தகம் வாங்குங்கள்.

மற்ற செலவு உங்கள் நேரம். ஒரு மணி நேரம் காட்டத் தகுந்த வீடியோவைச் சேர்க்க நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். கோடை விழாவுக்கு ஊரே மேலே ஏறி வந்துகொண்டிருந்த மே மாதத்தில் நான் கீழே வீட்டில் உட்கார்ந்து பட்டாம்பூச்சி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒருமுறை செய்தால் பல வருடம் ஓடும். நுட்பமாக இரண்டு விஷயம்: எம்பி4 வடிவத்தில் வைத்தால் ஏறக்குறைய எல்லா டிவியும் படிக்கும், பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. அப்புறம், ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்தால் முடிந்தது கதை, இன்னொரு பிரதி கட்டாயம் வேண்டும்.

எங்கிருந்து எடுப்பது என்பதில் கவனம். யூடியூபின் விதிப்படி அவர்கள் தருகிற வசதி தவிர வேறு வழியில் இறக்கக் கூடாது. அந்த வசதியில் சேமித்தது செயலிக்குள்ளேயே இருக்கும், பென்டிரைவுக்கு வராது. தீக்‌ஷா செயலியிலும் நெட் இருக்கும்போது இறக்கி வைத்து இல்லாதபோது பார்க்கலாம், ஆனால் போனை டிவியோடு இணைக்க வேண்டியிருக்கும். விக்கிமீடியா பொதுவகத்தில் இருப்பவை தாராளமாக எடுத்துக்கொள்ள அனுமதி உள்ளவை. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957, 52ஆவது பிரிவில், கல்வி நிறுவனம் தன் மாணவர், ஆசிரியர், பெற்றோருக்குள் படம் போட்டுக் காட்டுவதற்கு விலக்கு தருகிறது. காட்டுவதற்குத்தான் அது. பிரதி எடுத்து பக்கத்துப் பள்ளிக்கெல்லாம் கொடுப்பதற்கு இல்லை.

## 3. நெட் இல்லாத உள்ளூர் சர்வர்

கேட்கப் பயமாக இருக்கும், விஷயம் சின்னது. உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை என்ற கணினி, ஒரு மெமரி கார்டு. அது தானே ஒரு வைஃபை பரப்பும். அறைக்குள் இருக்கிற போன், லேப்டாப், டேப்லெட் எதிலும் அதைப் பிடித்து உள்ளே இருப்பதைப் பார்க்கலாம், வெளி இன்டர்நெட் துளியும் வேண்டாம். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே இறக்கி வைக்கலாம், சில ஜிபிதான் பிடிக்கும். கோலிப்ரி என்று இன்னொன்று, இதே நோக்கத்துக்காகவே செய்தது, வீடியோ, பயிற்சி எல்லாம் வைத்து எந்தப் பிள்ளை எதைப் பார்த்தது என்றும் காட்டும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரின் கதைப் புத்தகங்களையும் இறக்கிப் போடலாம், எல்லாமே திறந்த உரிமத்தில் இருப்பவை, தமிழில் நிறைய உண்டு.

ராஸ்பெர்ரி பைகூடக் கட்டாயம் இல்லை. இவை சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்புகள் எத்தனை வீட்டில் பரண் மேல் கிடக்கின்றன! நான் ஒரு பழைய மாணவியிடம் ஒன்று கேட்டு வாங்கினேன். பாட்டரி செத்திருந்தது, மாற்றியதும் அதுவே யூபிஎஸ் ஆகிவிட்டது. ராஸ்பெர்ரி பையில் இந்த நிம்மதி கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு, எனக்கு ஒரே மழைக்காலத்தில் இரண்டு கார்டு போனது.

இந்த வழியின் பெருமை, பிள்ளை தானே தேடுகிறது. டிவியில் நான் தேர்ந்தெடுத்ததை முப்பது பேரும் பார்க்கிறார்கள். இதில் ஒருத்தி கொலுசு என்று தேடுகிறாள், ஒருவன் டைனோசர் என்று தேடுகிறான், ஆபாசமோ விளம்பரமோ வர வழியே இல்லை, ஏனென்றால் உள்ளே நாம் வைத்ததுதான் இருக்கிறது. நூலகம் என்ற சொல்லுக்கு நான்கிலும் இதுவே கிட்டத்தில் வருகிறது.

அப்படியென்றால் ஏன் எல்லோருக்கும் இதைச் சொல்லவில்லை? முதல் கேள்வியில் தோற்றுவிடுகிறது. நான் மாறுதலில் கீழே வந்த பிறகு மலையில் நான் வைத்துவிட்டு வந்த பெட்டியை ஒருவரும் இயக்கவில்லை. பச்சை விளக்கு எரிகிறது, பிள்ளைகளுக்கு என்ன முகவரி அடிக்க வேண்டும் என்று தெரியவில்லை. நான் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தேன், வெள்ளையடிக்கும்போது தாள் போய்விட்டது. தவிர, பார்க்கத் திரைகள் வேண்டும். ஹைடெக் லேப் உள்ள பள்ளியில் அங்கேயே கணினிகள் இருக்கின்றன. நடுநிலைப் பள்ளியில் ஏது?

## 4. டேப்லெட்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஓரளவு தாங்குகிற டேப்லெட் பத்தாயிரம் பக்கம் வரும். 60,000 ரூபாய்க்கு ஆறு. முப்பது பேர் வகுப்பில் ஆறு டேப்லெட் என்றால் ஒன்றுக்கு ஐந்து பேர், ஒருவன் கையில், நால்வர் தோளுக்கு மேலே. சார்ஜ் போட ஆறு பிளக் வேண்டும், நூலக அறையில் இருப்பது இரண்டு, அதில் ஒன்றில் பள்ளி மணிக்கான வயர். மூன்றாம் வருடம் பாட்டரி தளர்ந்துவிடும். உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் பீரோவில் வைத்துப் பூட்டுவோம், பூட்டியது பூட்டியபடியே இருக்கும். மலையில் ஒரு திரை உடைந்தால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வரவேண்டும், பஸ் செலவு, அரை நாள் லீவு.

இது மேலாகிற இடம் உண்டு. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட, வாசிக்கத் தடுமாறும் பிள்ளை காதில் கேட்டுக்கொண்டே படிக்க, ஒன்றோ இரண்டோ டேப்லெட் அருமையான கருவி. முப்பது பேருக்கென்று வாங்குவதில்தான் எனக்குச் சம்மதமில்லை. வாங்கினால் பிள்ளைகள் பெயரில் கணக்கு எதுவும் திறக்காதீர்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அந்தத் தலைவலி நமக்கு எதற்கு?

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | நேரடி நெட் | ஹார்ட் டிஸ்க் + டிவி | உள்ளூர் சர்வர் | டேப்லெட் |
|---|---|---|---|---|
| ஆசிரியர் லீவில் ஓடுமா | ஓடும், ஆனால் எது ஓடும் என்று தெரியாது | ஓடும் | பெரும்பாலும் ஓடாது | பீரோவில் இருக்கும் |
| நெட் இல்லாமல் | இல்லை | ஓடும் | ஓடும் | இறக்கி வைத்தால் ஓடும் |
| ஒரே நேரத்தில் | வகுப்பு முழுவதும் | வகுப்பு முழுவதும் | திரைகள் எத்தனையோ அத்தனை | வசதியாக என்றால் ஒன்றுக்கு ஓரிருவர் |
| பிள்ளை தானே தேடுமா | தேடவிடக் கூடாது | பட்டியலுக்குள் | தேடும் | தேடும் |
| இரண்டாம் வருடச் செலவு | மாதக் கட்டணம் | ஏறக்குறைய இல்லை | மெமரி கார்டு, பாட்டரி | பாட்டரி, திரை |
| மறைவான செலவு | தேடும் நேரம், விளம்பரம் | சேர்க்கும் நேரம், புத்தகம் | தெரிந்த ஆள் ஒருவர் | பயம் |

கடைசிக் கட்டத்தில் "பயம்" என்று போட்டது விளையாட்டுக்கு இல்லை.

## அப்போது யாருக்கு எது

மேலே மலையில், நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் மாதிரி ஊர்களில், கரண்டும் சிக்னலும் இஷ்டத்துக்கு வந்து போகிற பள்ளி என்றால் யோசிக்கவே வேண்டாம், ஹார்ட் டிஸ்க்கும் டிவியும். இடி மின்னல் காலத்தில் டிவி பிளக்கை மட்டும் பிடுங்கி வையுங்கள், ஸ்விட்சை அணைத்தால் போதாது. உண்டு உறைவிடப் பள்ளியாக இருந்தால் சாயங்காலமும் பிள்ளைகள் அங்கேயே இருப்பார்கள், அங்கே உள்ளூர் சர்வரும் சேர்த்து முயலலாம், ஆர்வமுள்ள ஆசிரியர் இரண்டு பேர் இருந்தால். ஒருவர் போதாது, நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஒன்று முதல் ஐந்து வரை உள்ள சின்னப் பிள்ளைகள்தான் அதிகம் என்றால் இந்த நான்கையுமே தள்ளி வைத்துவிட்டு, ஸ்டோரிவீவரில் கதைகளை இறக்கி அச்சடித்து, ஓரம் தைத்துக் கையில் கொடுங்கள் என்பேன். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி வைத்திருக்கிறார்களே, அதே மாதிரி வரிசைப்படுத்தி வைக்கலாம். இது டிஜிட்டல்தானா என்று நன்கொடையாளர் கேட்டால், இறக்கியது டிஜிட்டலில்தானே என்று சொல்லிக்கொள்ளலாம்.

அம்மாப்பேட்டை நண்பருக்கு வாங்க வேண்டியது எதுவும் இல்லை. அவருக்குத் தேவை இயக்க ஆள். எட்டாம் வகுப்பில் இரண்டு பேரைப் பிடித்து ரிமோட்டைக் கற்றுக்கொடுங்கள், வாரத்துக்கு ஒரு வீடியோ என்று பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள் என்றேன். முதல் வாரம் கைத்தறி பற்றிப் போட்டிருக்கிறார். பாதியில் ஒரு பையன், "சார், இவரு நாடாவ கையாலயே தள்ளுறாரு. எங்கப்பா கயித்த இழுப்பாரு, அது தானா ஓடும்" என்றானாம். நாடா என்பது தறியில் ஊடை (குறுக்கு) நூலைக் கொண்டு ஓடுகிற கட்டை. அவன் சேலம் வெண்பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளை. நண்பர் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே போய், பாவு எது, ஊடை எது, கயிற்றை எப்படிச் சுண்டினால் நாடா எதிர்ப்பக்கம் போகிறது என்று அவன் அப்பா சொல்லச் சொல்ல நான்கு நிமிடம் செல்போனில் எடுத்து வந்துவிட்டார். 677 என்று எண் போட்டு வைத்திருக்கிறார். இறக்கி வைத்த எதற்கும் கிடைக்காத கூட்டம் அதற்குக் கூடுகிறதாம். பூப்போட்ட துணி இப்போது எங்கே என்று தெரியவில்லை என்றார்.

ஏற்காட்டு டீச்சர் 60,000த்தில் டிவி ஒன்றும், ஒன்றுக்கு இரண்டாக ஹார்ட் டிஸ்க்கும் வாங்கினார், மிச்சத்துக்குப் புத்தகம். என் மே மாதச் சேகரிப்பில் பொது உரிமத்தில் உள்ளதை அவருக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். போன வாரம் எப்படிப் போகிறது என்று கேட்கப் போன் செய்தேன்.

"நல்லாத்தான் போகுது சார். இன்னைக்கு மட்டும் ஓட்ட முடியல. டிஸ்க் பீரோவுல இருக்கு."

"பீரோவைத் திறக்க வேண்டியதுதானே?"

"சாவி என் பையில இருக்கு. நான் மீட்டிங்குக்கு கீழ சேலம் வந்திருக்கேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சிரித்தோம். நான்கு ரோடு பக்கம் சாவி போடுகிற ஆள் யாராவது இருப்பார், ஏறுவதற்கு முன்னால் இன்னொன்று போட்டு எட்டாம் வகுப்பு லீடரிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன். சரி சார் என்றார்.